பீரோ சாவி: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன். தட்டச்சு, லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஜூன் மாதம் பிறந்தால் உங்களில் பலர் என்னைப் போன்றவர்கள் கடையில்தான் நிற்கிறீர்கள். மாற்றுச் சான்றிதழ், எமிஸ் என்ற ஆன்லைன் மாணவர் பதிவேட்டின் பட்டியல், சாதிச் சான்று நகல் என்று கட்டுக் கட்டாக எடுப்பீர்கள். பின்னால் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் வீட்டுக் கதையைப் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு மூளை முடக்குவாதம். கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது, நாக்கும் கேட்காது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். நாம் பேசுவது அத்தனையும் புரியும், அவனுக்குப் புரியக் கூடாது என்று நாங்கள் தாழ்ந்த குரலில் பேசுவது உட்பட. இந்த மடலில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். பலகையில் "வேண்டாம்" என்ற கட்டத்தைத் தொட்டான். ஆகவே பெயர் இல்லை.

அந்தப் பலகையைப் பற்றித்தான் இந்த மடல்.

பலகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏ3 தாளில் 40 கட்டம், கட்டத்துக்கு ஒரு படம், படத்துக்கு அடியில் ஒரு சொல். அவன் தொடுவான், நாம் படித்துப் புரிந்துகொள்வோம். இதையே டேப்லெட்டில் போட்டால் தொட்டதும் அது குரல் கொடுக்கும். பேச்சுப் பயிற்சியாளர்கள் இதை ஏ.ஏ.சி. என்பார்கள், பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்பு முறை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பலகை, அவ்வளவுதான்.

அதில் அவன் முதலில் கற்றுக்கொண்டதும் "வேண்டாம்"தான். முட்டையால் வந்தது. சத்துணவில் போடும் முட்டை அவனுக்கு ஆகாது, வாடையே பிடிக்காது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரலாம் என்று திட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டாம் என்று பிள்ளை சொல்ல வேண்டுமே. முதல் வகுப்பு முழுக்க சத்துணவு அக்கா அன்போடு பிசைந்து ஊட்டினார், இவன் துப்பினான். "சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிறான்" என்று எனக்குப் புகார் வந்தது. இரண்டாம் வகுப்பில் பலகையோடு போன மூன்றாவது நாள், அக்கா முட்டையை எடுத்ததும் கையை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் "வேண்டாம்" மேல் வைத்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இதை ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாராம். எப்படிச் சொல்வான்? நான் பலகை செய்ததே அப்போதுதான். அந்த ஒரு வருடத் தாமதம் என் கணக்கில் எழுத வேண்டியது, மறுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்கள், என் மகன் போன்ற பிள்ளைகளுக்கு என்று சொல்லியே கொடுத்தார்கள். மாலை போட்டுப் படம் எடுத்தோம். தலைமையாசிரியர் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பின்பக்கம் மார்க்கரால் எண் எழுதி, தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வரும் நாளில் வெளியே எடுப்பார்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் அந்த அம்மாவுக்கு எங்கள் ஊர் மட்டுமா? அவர் வாரம் ஒரு முறை வந்தால் பெரிய விஷயம். அப்படியானால் என் மகன் வாரத்தில் ஒரு நாள், முக்கால் மணி நேரம் பேசலாம். மீதி நேரம் பேச்சு பீரோவில்.

நான் போய்க் கேட்டேன். "தொலைஞ்சா, உடைஞ்சா ஆடிட்ல நான்தானே சார் பதில் சொல்லணும்?" என்றார். பொய்யில்லை. ஒரு நாற்காலிக் கால் உடைந்ததற்கு எத்தனை தாள் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள்களை நகல் எடுப்பவனே நான்தான்.

பிறகு ஒரு நாள், நான் செய்துகொடுத்த தாள் பலகையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதே பீரோவுக்குள் போயிருக்கிறது. மறுநாள் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டார், சாவி அவரோடு போய்விட்டது. அன்று வகுப்பில் இவன் கத்தியிருக்கிறான். பசி என்று நினைத்து பிஸ்கட் கொடுத்தார்கள். வெயில் என்று நினைத்து மின்விசிறிக்குக் கீழே நகர்த்தினார்கள். பலகையில் மூன்றாவது வரிசை ஓரத்தில் "பாத்ரூம்" என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. மாலையில் நான் போனபோது ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். ஒன்பது வயதுப் பையன். யாரும் அவனைத் திட்டவில்லை, டீச்சர் மாற்றுத்துணி தேடிக்கொண்டிருந்தார். எல்லோரும் நல்லவர்கள்தான்.

கண் பரிசோதனை செய்து பிள்ளைகளுக்கு அரசு மூக்குக்கண்ணாடி தருகிறது. அதை எந்தப் பள்ளியிலாவது இருப்பில் ஏற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, கண் டாக்டர் வரும் நாளில் மட்டும் மாட்டிவிடுகிறார்களா? கண்ணாடி பிள்ளையின் முகத்தோடு போகிறது, விழுகிறது, கால் ஒடிகிறது, நூல் கட்டிக்கொண்டு வருகிறான். பலகையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அது கற்பித்தல் உபகரணம் இல்லை. அவன் வாய்.

ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பற்றி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசாத பள்ளி இருக்காது. 1985ல் நிமோனியா வந்து, தொண்டையில் துளை போட்டதில் அவருடைய குரல் போனது. கணினியும் அந்த இயந்திரக் குரலும் பின்னால் வந்தவை. நடுவில் கொஞ்ச காலம் அவர் பேசியது ஒரு எழுத்து அட்டையை வைத்து. ஒருவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார், சரியான எழுத்து வந்ததும் இவர் புருவத்தை உயர்த்துவார். உலகத்தின் பெரிய மூளை ஒரு அட்டையில்தான் பேசியது. அந்த அட்டையை எடுத்து யாராவது பீரோவில் வைத்திருந்தால்? பிள்ளைகளுக்கு ஹாக்கிங் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒருவன் கூர்ந்து கேட்பான்.

"படத்தைக் காட்டிப் பழக்கிவிட்டால் பிறகு வாய் திறக்கவே மாட்டான்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். என் அம்மாவும் இதைத்தான் சொன்னார். வசம்பு சுட்டு நாக்கில் தடவினோம், தேன் வைத்தோம், கோயில் கோயிலாகப் போனோம். தாத்தாவுக்கே ஐந்து வயதில்தான் பேச்சு வந்தது என்று காத்திருந்தோம். அப்படித்தான் நான்கு வருடம் போனது. 2006ல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. நம்பத்தகுந்த ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட இந்த முறையால் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. என் மகனுக்கு இப்போது "ம்மா" தெளிவாக வருகிறது, "ப்பா" அவ்வளவாக இல்லை. பலகையில் அவன் அம்மாவின் படம் முதல் வரிசையில் இருக்கிறது, என் படம் இரண்டாவது வரிசை. காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

இந்தப் பலகையை நான் செய்த கதையையும் சொல்ல வேண்டும். அதில்தான் நான் பாடம் கற்றேன்.

முதலில் இணையத்தில் ஆங்கிலப் பலகை ஒன்றை இறக்கி, சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, பளபளவென்று லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வகுப்பில் டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுப் பாதிக் கட்டங்கள் கண்ணாடி மாதிரி மின்னின, பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடமாக லேமினேஷன் போடுகிறவனுக்கு மங்கலான மேட் தாள் போட வேண்டும் என்று தோன்றவில்லை. அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதை டீச்சர்தான் கவனித்துச் சொன்னார்.

அடுத்தது சொற்கள். அந்தப் பலகையில் மேலே "தயவுசெய்து", "நன்றி" என்று இரண்டு கட்டம். எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை அம்மாவிடம் "தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள், நன்றி" என்று சொல்கிறது? "ம்மா, தண்ணி." முடிந்தது. சாப்பாட்டுப் பக்கத்தில் சாண்ட்விச்சும் பீட்சாவும் இருந்தன, இட்லி இல்லை. "அங்கிள்" என்று ஒரே படம். மாமாவும் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரே ஆளா? அவனுக்கு மாமா என்றால் உயிர், பெரியப்பா என்றால் பயம். ஸ்பெயினில் அரகான் மாகாண அரசின் உதவியோடு வரைந்து இலவசமாகக் கொடுக்கும் அராசாக் படங்கள் பல்லாயிரம் இருக்கின்றன, வியாபாரத்துக்கு இல்லையென்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து நிறைய எடுத்தேன். உறவுகளுக்கு மட்டும் எங்கள் வீட்டுப் புகைப்படங்களையே ஒட்டினேன்.

பெரிய தவறு ஆங்கிலத்து "வீ" என்ற சொல்லில் நடந்தது. "நாங்கள்" என்று போட்டுவிட்டேன். ஒரு நாள் விளையாட்டு பீரியடில் அவன் "நாங்கள்", "விளையாட்டு" என்று தொட்டிருக்கிறான். பக்கத்தில் உட்காரும் பெண் பிள்ளை படித்துவிட்டு, "நாங்கன்னா யாரு? நீயும் யாரும்? அப்ப நான் வேணாமா?" என்று கேட்டுவிட்டாள். இவன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். என்ன நடந்தது என்று புரியவே எங்களுக்கு ராத்திரி ஆகிவிட்டது. எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் "நாம", விலக்கி வைக்கும் "நாங்க" — இரண்டு சொல் வைத்திருக்கும் மொழியில் பிள்ளைக்கு நான் ஒன்றைத்தான் கொடுத்திருந்தேன், அதுவும் விலக்கி வைப்பதை. அந்த ராத்திரியே கடையைத் திறந்து "நாம" கட்டம் அச்சடித்தேன்.

அப்புறம் "போடா". வகுப்புப் பையன்கள்தான் வந்து கேட்டார்கள், "மாமா, அவனுக்கு போடா வைங்க. நாங்க போடான்னு சொல்லும்போது அவன் சும்மா இருக்கான்." வைத்தேன். கெட்ட பழக்கம், எடுத்துவிடுங்கள் என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். மற்ற 30 பிள்ளைகளும் நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அது. திட்டத் தெரியாத பிள்ளை என்பதற்கும் திட்ட விடாத பிள்ளை என்பதற்கும் நிறைய தூரம். அதுவுமில்லாமல், தன்னை யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டால் "வேண்டாம்", "போ", "அம்மாகிட்ட சொல்வேன்" என்று சொல்ல அவனிடம் சொல் இருந்தாக வேண்டும். பேச்சு வராத பிள்ளையிடம் எதைச் செய்தாலும் வெளியே வராது என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

டேப்லெட்டில் வேறு சிக்கல்கள். சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற செயலி இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஜெல்லோ இருக்கிறது, அது இலவசம். பல லட்சம் கொடுத்து வெளிநாட்டுக் கருவி வாங்க வேண்டிய காலம் போய்விட்டது. ஆனால் டேப்லெட்டில் எங்களுக்குக் கிடைத்த தமிழ்க் குரல் செய்தி வாசிக்கும் பெண் குரல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது முழங்கும்போது வகுப்பே சிரிக்கும், இவனும் சேர்ந்து சிரிப்பான். பேச்சுத் தமிழில் தட்டினால், "வேணும்" என்பதைக்கூட மேடைப் பேச்சாக்கிவிடும். மத்தியானத்துக்கு மேல் சார்ஜ் நிற்காது. அதனால் டேப்லெட் இருந்தாலும் தாள் பலகை கூடவே இருக்க வேண்டும். தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை.

இப்போது அவன் எழுத்துக்கு வந்துவிட்டான். 247 எழுத்தையும் பலகையில் போட்டால் அவன் கை போய்ச் சேராது. நான் நாள் முழுக்கத் தட்டுவது தமிழ்99 விசைப்பலகை. அதில் க-வைத் தட்டி ஆ-வைத் தட்டினால் கா. அதே கணக்கை எடுத்துக்கொண்டேன். இடது பக்கம் 12 உயிர், வலது பக்கம் 18 மெய் வரிசை, மூலையில் ஒரு ஆய்தம், ஒரு புள்ளி. மொத்தம் 32 கட்டம். கை ஓய்ந்துபோகும் நாளுக்கு இன்னொன்றும் உண்டு. கடையில் விற்காமல் கிடந்த, மறுபக்கம் தெரியும் ஓ.எச்.பி. பிளாஸ்டிக் தாளைப் படச்சட்டத்தில் மாட்டி, நான்கு மூலையிலும் நான்கு விடையை ஒட்டி, அவனுக்கும் எனக்கும் நடுவில் பிடிப்பேன். அவன் எந்த மூலையைப் பார்க்கிறான் என்பது இந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியும். அதுதான் விடை. செலவு 30 ரூபாய்கூட இல்லை.

இவ்வளவு இருந்தும் தேர்வு வந்தால் அவன் "மதிப்பிட இயலாதவன்". வாசிப்புத் திறன் என்றால் உரக்க வாசிக்க வேண்டும், செயலியில் டிக் போட வேண்டும். மனதுக்குள் வாசிப்பவனுக்கு அங்கே கட்டமில்லை. மூன்று வாக்கியம் கொடுத்து, பொருத்தமான படத்தைக் காட்டச் சொன்னால் வாசித்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். இவனுடைய மூன்றாம் வகுப்பு டீச்சர் தானாகவே அப்படிச் செய்து பார்த்தார். பத்தில் எட்டு சரி. அந்த எட்டை எங்கே பதிவது என்று அவருக்கும் தெரியவில்லை, கடைசியில் தன் டைரியில் எழுதி வைத்துக்கொண்டார்.

பெரிய தேர்வில் இன்னும் வேடிக்கை. மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒரு சலுகை இருக்கிறது, விண்ணப்பம் என் கடையிலேயே தட்டச்சாகும். அதன் பெயர் "சொல்வதை எழுதுபவர்". அந்தப் பெயரை எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன், உறைத்ததில்லை. என் மகனுக்கு என்று நினைத்துப் படித்த அன்றுதான் கை நின்றது. சொல்வதை எழுதுபவர் வந்து உட்காருவார் சரி, இவன் என்ன சொல்வான்? "சுட்டுவதை எழுதுபவர்" என்று ஒருவர் வேண்டும். அவருக்கு இவனுடைய பலகை பழக்கமாகியிருக்க வேண்டும். ஒரு சொல்லைச் சுட்ட அரை நிமிடம் ஆகிறவனுக்கு நேரம் அதற்குத் தகுந்தபடி வேண்டும். 2018ல் மத்திய அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்று இருக்கிறது. குறைந்தது என்றுதான் இருக்கிறது, அதிகபட்சம் என்று இல்லை. இவனுக்குப் பத்தாம் வகுப்பு வர இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இப்போதே நீங்கள் மேலே எழுதத் தொடங்கினால் அதற்குள் வந்து சேரலாம் என்று ஒரு நப்பாசை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை ஒருவர் நகல் எடுக்கக் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு பிரதி போட்டுக்கொண்டேன். 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பேச்சிலும் மொழியிலும் குறைபாடு உள்ளவர்களுக்குச் சொந்தப் பேச்சுக்குத் துணையாக மாற்றுத் தொடர்பு முறைகளை அரசும் உள்ளாட்சியும் ஊக்குவிக்க வேண்டும் என்று தனி உட்பிரிவே இருக்கிறது. அடுத்ததிலேயே, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை உதவிக் கருவிகள் இலவசம் என்று இருக்கிறது. தேர்வு முறையைப் பிள்ளைக்குத் தகுந்தபடி மாற்றவும் அதே பிரிவில் இடமிருக்கிறது. கருவியைக் கொடுப்பது என்றால் பிள்ளையின் கையில் கொடுப்பது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பதிவேட்டில் வரவு வைப்பது என்று யாராவது புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு ஆய்வு நாளில், பிள்ளை திணறக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒருவர் சரியான விடையில் கொண்டுபோய் வைத்தார். வந்த அதிகாரி கைதட்டினார். என் மகன் அன்று முழுக்கப் பலகையைத் தொடவே இல்லை. தயவுசெய்து கையைப் பிடிக்காதீர்கள். (பாருங்கள், எனக்கும் "தயவுசெய்து" தேவைப்படுகிறது.) பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கும் முறை ஒன்று வெளிநாடுகளில் பெரிதாகப் பரவியது. 1990களில் அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கைபிடிப்பவருக்கு வேறு படம் காட்டினார்கள். தாளில் வந்தது கைபிடித்தவர் பார்த்த படம். நாற்காலி சாயாமல் பிடியுங்கள், பலகையைச் சரியான உயரத்தில் பிடியுங்கள். கை அவனுடையதாக இருக்கட்டும். தப்பாகச் சுட்டினால் தப்பு அவனுடையது, மற்ற பிள்ளைகளுக்கு இருக்கிற மாதிரி.

கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். அவன் கை கிளம்பும், வழியில் வேறு எங்கோ போகும், திரும்பி வரும். அதற்குள் நீங்கள் கேள்வியை மறுபடி கேட்டால் அவன் முதலிலிருந்து கிளம்ப வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஐந்தில் வாய் துறுதுறுக்கும், எனக்கும் அப்படித்தான்.

இன்னொன்று, இதற்குத்தான் நேரம் ஆகும். சாதாரணக் குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஒரு வருடம் நாம் பேசுவதைக் கேட்கிறது. பலகையில் பேச வேண்டிய பிள்ளை, பலகையில் யார் பேசிப் பார்த்தது? நாம்தான் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்ட வேண்டும். "புத்தகம் எடு" என்று சொல்லும்போது அந்த இரண்டு கட்டத்தையும் ஒரு தடவை தொடுங்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் அதே பலகையைப் பெரிதாக மாட்டினால் வகுப்பு முழுக்கக் கற்றுக்கொள்ளும். இவன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே தேவையில்லை, ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் போர்டில் எழுதும்போது சத்தமில்லாமல் பலகையில் அரட்டை அடிக்கிறார்கள் என்று இப்போது புகார் வருகிறது. அந்தப் புகாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளில் நான் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

உங்கள் சிரமம் தெரியாமல் இல்லை. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, கூடவே எமிஸ். தொகுப்பூதியத்தில் ஊர் ஊராகப் போகும் சிறப்பாசிரியர் எத்தனை வருடம் அதே உற்சாகத்தோடு வருவார் என்பதும் எனக்குக் கேள்விதான். அதெல்லாம் மேலே இருப்பவர்கள் தீர்க்க வேண்டியது, அவர்களுக்கும் ஒரு நாள் எழுதுவேன். சாவி உங்களிடம் இருக்கிறது, அதனால் முதல் மடல் உங்களுக்கு.

நான் கேட்பது இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. "மாணவரின் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதிக் கையொப்பம் போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவும் போட்டுவிடுங்கள், பெற்றோர் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் அந்தத் தீர்மானம் பேசும். வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அவனுக்குப் பேச ஒன்றுமில்லையா என்ன? உடைந்தால் உடையட்டும். வாய் இருக்கிற பிள்ளைக்குப் பல் உடைவதில்லையா?

தாள் பலகைக்கு என்னிடம் வாருங்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும் அச்சுக்கு நான் காசு வாங்க மாட்டேன், மேட் லேமினேஷனுக்கு அடக்க விலை. பிள்ளைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், அவனைக் கூப்பிடும் செல்லப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். "போடா" கட்டம் தானாகவே வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எழுதி முடித்து இதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஈரக் கால்சட்டை வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "இருக்கட்டும்" என்பதைத் தொட்டான். பிறகு எழுத்துப் பலகையைக் காட்டச் சொல்லி, ப-வில் தொடங்கினான். பலகையில் பெ இல்லை, ப-வும் எ-யும்தான். அப்புறம் ல, புள்ளி. "பெல்". நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம் பள்ளி மணி அடிக்கிறார்களாம். சுற்று இரண்டு முறை வந்து போய்விட்டதாம், அவன் பெயர் வரவில்லையாம். இதையும் எழுது என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா